நாற்பது பார் மாப்பிள்ளை

அன்று பிற்பகல் நான்கு மணிக்கு அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்கு மூத்தவர் கதிர்காமநாதன், எழுபத்தாறு வயது, துறைமுக அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பத்மாவதி. காலஞ்சென்ற தம்பி சிவகுருவின் மகன் தயாளன், குடும்பத் தொழிற்சாலையை நடத்துபவன். தயாளனின் தங்கை ராகினி, அதே தொழிற்சாலையின் இன்ஜினியர். ஐந்தாவது ஆள் முகம்மது கனி, பிறை என்ற ஊரிலிருந்து கருவிகள் விற்க வந்தவர். பெயர்களை இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தாங்களும் அங்கே இருந்ததாகப் பிறகு ஊரில் சொல்லிக்கொண்டவர்களின் எண்ணிக்கை இருபதைத் தாண்டிவிட்டது. அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

வீடு பினாங்குத் தீவில், தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையில் ஒரு வரிசை வீடு. தொழிற்சாலை அக்கரையில், கெப்பாலா பத்தாஸில். அங்கே தயாராகும் பலாக்காய்க் கறி, கண்ணாடிப் போத்தலில் அடைபட்டு, ஆள் உயர ஸ்டீம் குக்கரில் வெந்து, கடைகளுக்குப் போகும். குக்கருக்குள் நீராவியின் அழுத்தம் ஒண்ணேகால் பார் இருக்க வேண்டும். அழுத்தத்தை அளக்கும் கணக்குக்குப் 'பார்' என்று பெயர். அதைக் காட்டும் வட்டமுகக் கருவியைத் தொழிற்சாலையில் எல்லோரும் மீட்டர் என்பார்கள். அழுத்தம் குறைந்தால் கறி சரியாக வேகாது, சில நாளில் கெட்டுப்போகும். சென்ற மாதம் தைப்பூசத்துக்கென்று கட்டிவைத்த அறுநூறு போத்தல்களின் மூடி உப்பிக்கொண்டது. நல்லவேளையாக அது கிடங்கிலேயே தெரிந்தது. ஒரு வாய்க் கறிகூட எவர் வயிற்றுக்கும் போகவில்லை. ஆனால் குடும்பத்தின் பெயர் போட்ட மூடி உப்பிவிட்டது. கதிர்காமநாதனுக்கு அது தன் நெஞ்சே உப்பியது போலிருந்தது.

ராகினி இரண்டு நாள் தேடிக் காரணத்தைக் கண்டுபிடித்தாள். மீட்டர்தான் குற்றவாளி. அதன் முகத்தில் பூஜ்ஜியத்திலிருந்து நாற்பது பார் வரை எண்கள் இருந்தன. நாற்பதுவரை ஓட வேண்டிய ஊசிக்கு ஒண்ணேகால் என்பது ஒரு மயிரிழை. இருக்கிறதென்றால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை.

"அப்பா காலத்து மீட்டர். அப்பாதான் வாங்கி மாட்டியிருக்கணும்," என்றான் தயாளன்.

"ம்," என்றார் கதிர்காமநாதன்.

அந்த ஒற்றை எழுத்துத்தான் அவர் சொன்ன பொய். வாங்கியவர் அவரே. பன்னிரண்டு வருடத்துக்கு முன், பழைய கப்பல் சாமான் விற்கும் கடை ஒன்றில், நான்கு பார் மீட்டரும் நாற்பது பார் மீட்டரும் ஒரே விலைக்கு இருந்தன. ஒரே விலைக்கு நாற்பது கிடைக்கும்போது நான்கை எவன் வாங்குவான்? நாற்பதையே எடுத்துக்கொண்டு, கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சியபடி வீட்டுக்கு வந்தவர் அவர். தம்பி சிவகுரு அண்ணன் கொடுத்ததை அப்படியே மாட்டினார். அண்ணன் கொடுத்ததைத் திருப்பிப் பார்க்கும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. இப்போது தம்பி இல்லை. இறந்தவர் மறுத்துப் பேசமாட்டார். பன்னிரண்டு வருடத்துப் பூசணிக்காயைக் கதிர்காமநாதன் ஓரெழுத்துச் சோற்றில் மறைத்தார்.

புது மீட்டர் தன் முன்னிலையில்தான் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பதும் அவர் கட்டளைதான். பஞ்சாங்கம் பார்த்து, ராகுகாலம் கழித்து, நான்கு மணி என்று நேரம் குறித்தார். பத்மாவதி கேசரி கிண்டினார். வீட்டுக்கு வருகிறவர் எதை விற்க வந்தாலும் வெறும் வாயோடு போகக்கூடாது. காலையில் முல்லைப்பூ வாங்க வாசலுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டு லெட்சுமி கேட்டாள், "என்னக்கா, வாசனை தூக்குது? விசேஷமா?"

"ஒருத்தர் வாறார். பார்க்கப் போறம். ராகினிக்குப் பிடிச்சாத்தான் முடிக்கிறது," என்றார் பத்மாவதி. பினாங்கில் மூன்று தலைமுறை ஆகியும் அவரும் அவர் கணவரும் யாழ்ப்பாணப் பேச்சை விடவில்லை. ராகினிக்கு வயது முப்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை என்பதெல்லாம் லெட்சுமிக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவள் வேலை மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு சேலைக்கடையில். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களோடு பொழுதெல்லாம் பழகுகிறவள்.

முகம்மது கனி சரியாக நான்கு மணிக்கு வந்தார். அவரைப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். முப்பது வருடம் கொதிகலன் அறைகளில் நின்று பேசியவர் என்பதால், "ஸலாம்" என்று மெதுவாகச் சொன்னாலே எதிர்ச்சாரியில் கேட்கும். இரண்டாவது, தான் விற்கும் மீட்டர்களை அவர் ஒருநாளும் 'அது' என்று சொன்னதில்லை. இவர், அவர், வந்தார், போனார் என்றுதான் பேசுவார். உயிரைக் காப்பாற்றுகிற கருவிக்கு ஒரு 'அர்' விகுதி போடுவதில் என்ன குறைந்துவிடும் என்பது அவர் கேள்வி. மரியாதை தெரிந்த மனிதர் என்று கதிர்காமநாதனுக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

கனி பெட்டியைத் திறந்து, முதல் மீட்டரைத் துண்டில் வைத்து நீட்டினார். "ஐயா, இவரைப் பாருங்க. முகம் பெரிசு, லட்சணமா இருக்காரு. பத்தடி தள்ளி நின்னாலும் தெரியும் லா."

கதிர்காமநாதன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "வெளியிலை நல்ல பளபளப்பு. உள்ளுக்கு எப்படி?"

"உள்ள பித்தளைதான். நான் மறைக்க மாட்டேன்."

"வேணாம்ணே," என்றாள் ராகினி. "நம்ம இடத்துல உப்பும் புளியும் ஆவியா பறக்குது. பித்தளை ரொம்ப நாள் தாங்க மாட்டாரு." அவளுக்கும் அந்த விகுதி தொற்றிக்கொண்டது. "இந்த ரெண்டாவது ஆள்?"

"நல்லவரு. ஆனா பம்பு பக்கத்துல வச்சா நடுங்குவாரு."

"நடுக்கமோ?" என்று பத்மாவதி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஐயோ பாவம்."

"கவலையே வேணாம்மா. உள்ள முழுக்கக் கிளிசரின் ஊத்திட்டா நடுக்கம் சுத்தமா நின்னுடும்."

"சூடு தாங்குவாரா?" என்று கேட்டான் தயாளன்.

"நேரா சூடு பட்டா எவருமே கெட்டுப் போயிடுவாங்க தம்பி. நடுவுல ஒரு சுருள் குழாய் போட்டுடணும். நீராவி அதுல தண்ணியா குளுந்து நிக்கும், அந்தத் தண்ணிதான் இவரைத் தொடும். இந்தா, மூணாவது ஆளைப் பாருங்க. இவரு உள்ளயும் ஸ்டெயின்லெஸ். மேலயும் கீழயும் ஒரே குணம்."

கதிர்காமநாதன் மூன்றாவது மீட்டரை வாங்கித் தூக்கிப் பார்த்தார். கனம் திருப்தியாக இருந்தது. முகத்து எண்களைப் படித்ததும் அவர் முதுகு விறைத்தது. "இவர் எவ்வளவுக்குப் போவார்?"

"ரெண்டரை பார்."

"ரெண்டரையோ! நாப்பது இருந்த வீட்டிலை ரெண்டரையைக் கொண்டுவந்து வைக்கிறதோ? பார்க்கிற ஆக்கள் என்ன சொல்லுவினம்? நொடிச்சுப் போச்சினம் எண்டெல்லோ சொல்லுவினம்!"

"பெரியப்பா," என்றாள் ராகினி, "நமக்கு வேண்டியது ஒண்ணேகால். ரெண்டரையில அது சரிபாதி. ஊசி நேரா பன்னண்டு மணிக்கு நிக்கும், கண்ணு தெரியாதவங்களுக்கும் தெரியும். வேலை செய்யுற அழுத்தம் முகத்துல நடுவுல வரணும், அதான் முறை. நாப்பதுல போய் ஒண்ணேகால் தேடுறது, லாரி எடை போடுற மேடையில தாலியை வச்சு நிறுக்குற மாதிரி."

"நாப்பது பாரா?" கனியின் குரல் இன்னும் உயர்ந்தது. "யாரு அந்த ஆளு? காட்டுங்க பார்ப்போம்."

தயாளன் பிளாஸ்டிக் பையிலிருந்து பழைய மீட்டரை எடுத்து மேசையில் வைத்தான். கனி அதைத் திருப்பி, விரல் முட்டியால் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டினார். ஊசி அசையவில்லை.

"ஊசி ஒட்டிக்கிச்சு. சும்மா மேசையில இருக்கும்போதே ஒண்ணு காட்டுறாரு! ஒண்ணுமே இல்லாதப்ப இருக்குன்னு சொல்றவரை எப்படித் தம்பி நம்புறது? நாப்பது பார் போறவரை இந்தக் குடும்பத்துக்கு யாரு பார்த்து முடிச்சது?"

"எங்க அப்பா," என்றான் தயாளன். "பன்னண்டு வருஷம் ஆச்சு."

"பாவம், யாரோ ஏமாத்தியிருக்காங்க. இத்தனை வருஷம் வச்சுக் காப்பாத்துனதே பெரிசு. தூக்கிப் போட்டுடுங்க."

ராகினி பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா எங்க வாங்கினாருன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா, பெரியப்பா?"

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ," என்றார் கதிர்காமநாதன். குடிக்க அங்கே யாருக்கும் தேத்தண்ணி இன்னும் வந்திருக்கவில்லை.

பிறகு காரியம் மளமளவென்று நடந்தது. சர்டிபிகேட் ஒரிஜினல்தானா என்று தயாளன் கேட்டான். ஒரிஜினல்தான், ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை கொண்டுபோய்ச் செக் பண்ணிக்கொள்ள வேண்டும் என்றார் கனி. ராகினி தலையாட்டினாள். "எனக்குப் பிடிச்சிருக்கு. இவரையே முடிச்சிடலாம்." பத்மாவதி கேசரித் தட்டோடு வந்தார். "நல்ல காரியம். எல்லாரும் வாயை இனிப்பாக்குங்கோ."

சுவருக்கு இந்தப் பக்கம் நடந்தது இவ்வளவுதான். அந்தப் பக்கம் லெட்சுமி தன் வாசல் தொட்டியில் கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தாள். அந்தச் செடியில் இருந்தது நான்கு கொத்து. அதைப் பறிக்க அவளுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது.

மூன்றாம் நாள் காலை, காய்கறி வாங்கப் போன பத்மாவதி வெறும் கூடையோடு திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இஞ்சேருங்கோ, எங்கடை ராகினிக்கு மாப்பிள்ளை முடிச்சாச்சாம்."

"ஆர் முடிச்சது?"

"நாங்கள்தானாம். கேசரி எல்லாம் குடுத்தமாம். மூண்டு பேரைக் கொண்டுவந்து காட்டினவையாம். ஒருத்தர் பார்க்க லட்சணம், ஆனால் உள்ளுக்குப் பித்தளைக் குணமாம். இன்னொருத்தருக்கு உடம்பெல்லாம் நடுக்கமாம், அதுக்குக் கிளிசரின் மருந்தாம். நாங்கள் எடுத்தவரும் கொஞ்சம் சூடான ஆளாம். ரெண்டரை பாருக்கு மேலை போகமாட்டாராம். வருஷத்துக்கு ஒருக்கா ஆஸ்பத்திரியிலை காட்ட வேணுமாம்."

கதிர்காமநாதன் சிரித்தார். அவர் சிரிப்பது அந்த வீட்டில் கிரகணம் போல. நாள் பார்த்துத்தான் நிகழும். 'பார்' என்பதை மதுக்கடை என்று ஊர் புரிந்துகொண்டதை நினைத்து அவருக்குக் கண்ணில் நீர் வந்தது. "ரெண்டரை பாரோ! அரைப் பாருக்கு எப்படிப் போறதாம்? வாசலோடை திரும்பி வாறதோ?"

"சிரிக்காதேங்கோ. மிச்சத்தையும் கேளுங்கோ." பத்மாவதியின் குரல் இறங்கியது. "இதுக்கு முன்னமே ஒருத்தனை எங்கடை சிவகுரு பிள்ளைக்குப் பார்த்து முடிச்சு வைச்சவராம். பன்னிரண்டு வருஷமாம். அவன் நாப்பது பாருக்குப் போற குடிகாரனாம். பொய்காரனாம். அதை மறைச்சுத்தான் இப்ப ரெண்டாந்தாரமாக் குடுக்கிறமாம். பெத்த தகப்பனே பிள்ளையைப் பாழுங்கிணத்திலை தள்ளிப்போட்டார் எண்டு மார்க்கெட்டிலை ஒருத்தி கண்ணைத் துடைக்கிறாள்."

சிரிப்பு நின்றது. சிவகுரு, பாயசத்தில் பச்சைக் கற்பூரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தாலே தலை சுற்றுகிறது என்றவர். மகளைப் பாழுங்கிணற்றில் தள்ளியவராம். ஊர் கட்டிய கதைதான். ஆனால் அதற்கு அஸ்திவாரம் போட்டது யார்? 'அப்பாதான் வாங்கியிருக்கணும்' என்று பிள்ளை சொன்னபோது 'இல்லையடா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தம்பியின் பெயர் அந்தக் கூடத்தில் அடிபட்டே இருக்காது.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. ஆனால் தலைமை எழுத்தருக்குக் கடிதம் உண்டு. வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் வாசிப்பதற்கென்று அவர் ஒரு விளக்கம் எழுதினார். மூன்று தடவை எழுதிக் கிழித்து, நான்காவதில் திருப்தி கண்டார். அதன் சிகரம் இந்த வரி: 'பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மேற்படி கருவி வாங்கப்பட்டது.' வாங்கப்பட்டது! முப்பத்தைந்து வருடத் துறைமுக அனுபவம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. மூட்டைகள் தொலைக்கப்படும், கோப்புகள் இடம் மாற்றப்படும், கப்பல்கள் தாமதப்படுத்தப்படும். அங்கே ஒருவரும் எதையும் செய்ததே கிடையாது. அப்படியே வாசித்தால் மாப்பிள்ளைக் கதை ஒழியும். தம்பி பெயரும் வராது, தன் பெயரும் வராது.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் அறுபது பேர் இருந்தார்கள். தொன்னையில் சுண்டல், பந்தியில் பேச்சு. கதிர்காமநாதன் வெள்ளை வேட்டி சட்டையில், கழி நட்டது போல் எழுந்து நின்றார். பழைய மீட்டரைப் பையிலிருந்து எடுத்துச் சுண்டல் அண்டாவின் பக்கத்தில் வைத்தார்.

"எங்கடை வீட்டிலை மாப்பிள்ளை பார்த்ததாக ஒரு கதை உலாவுது. பார்த்தது இதைத்தான். இது குக்கருக்குப் பூட்டுகிற பிரஷர் மீட்டர். பார் எண்டது அழுத்தத்தின்ரை கணக்கு. குடிக்கிற இடமில்லை."

மண்டபம் ஒரு கணம் விழித்தது. பிறகு ஒருவர் கொக்கரிக்க, இன்னொருவருக்குச் சுண்டல் புரையேறியது. லெட்சுமிதான் முதலில் சமாளித்துக்கொண்டாள்.

"அப்ப நடுங்குனது?"

"ஊசி."

"கிளிசரின்?"

"கண்ணாடிக்குள்ளை ஊத்துறது."

"அப்ப கேசரி?"

"கேசரி, கேசரிதான்."

"நல்லா இருக்கு லா! மீட்டருக்குப் போய் 'அவரு இவரு'ன்னா நாங்க என்னத்தைக் கண்டோம்? என் வீட்டுக்காரரையே நான் அப்படிக் கூப்பிட்டதில்ல."

சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, கதிர்காமநாதன் காகிதத்தைப் பிரித்தார். தொண்டையைச் செருமி வாசித்தார். அந்த வரிக்கு வந்தார். "பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மேற்படி கருவி வாங்கப்பட்டது."

"வாங்கப்பட்டதுன்னா?" என்றாள் லெட்சுமி. அவளுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை; சேலைக்கடையில் யார் வாங்கினார்கள் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். "யாரு வாங்கினது? அந்தச் செத்துப்போன சிவகுரு அண்ணனா? பாவம், அவருக்கு விவரம் பத்தல போல."

கதிர்காமநாதனின் பார்வை மூன்றாம் வரிசைக்குப் போனது. தயாளன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராகினி பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"நான்," என்றார்.

"என்ன நான்?"

"வாங்கினது நான். என்ரை தம்பி இல்லை. அவனுக்கு விவரம் இருந்தது, எனக்குத்தான் இல்லை. ரெண்டும் ஒரே விலையாக் கிடந்தது, பெரிசாப் பார்த்து எடுத்தன். பிள்ளையள் தகப்பனைச் சொன்னபோது பேசாமல் இருந்தன். அது பிழை."

தயாளன் தலையைத் தூக்கினான். எழுந்து வந்து, பெரியப்பாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் உட்காரவில்லை. ராகினி ஒரு தொன்னைச் சுண்டலோடு அருகில் வந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்குத் தெரியும் பெரியப்பா. பழைய ஃபைல்ல ரசீது இருக்கு. உங்க கையெழுத்து, தேதி, கீழ ரெண்டு கோடு."

"தெரிஞ்சும் பேசாமல் இருந்தனியோ?"

"மூணு வாரமா தட்டிப் பார்த்தேன். ஊசி அசையவே மாட்டேன்னுச்சு."

"வாயாடி," என்றார் கதிர்காமநாதன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, சுண்டலை வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை கெப்பாலா பத்தாஸில் ரெண்டரை பார் மீட்டர் பூட்டப்பட்டது. பூட்டியவர் முகம்மது கனி, பக்கத்தில் நின்று பார்த்தவள் ராகினி. முதல் நாளே ஊசி ஒண்ணேகாலில், நேர் உச்சியில் நின்றது. அறுநூறு போத்தல்களுக்குப் பதிலான போத்தல்கள் எல்லாக் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தன, ஒரு மூடியும் உப்பவில்லை.

கதிர்காமநாதன் இளமையில் நாற்பது பாருக்குப் போய்வந்தவர் என்றும், அதைக் கோயிலில் வைத்து அவரே ஒப்புக்கொண்டார் என்றும் லிட்டில் இந்தியாவில் இப்போது ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. அவர் எந்தப் பாருக்கும் போனதில்லை. அவர் வாங்கிய மீட்டரும் நாற்பதுக்குப் போனதில்லை.